ஆர்க்கிட் பூம்பொழில்

சிங்கப்பூர் கடல் சூழ்ந்த சிறிய தீவு. நிலநடுக்கோட்டுக்கு மிக அண்மையில் அமைந்திருத்தலின், ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வந்து அந்நாட்டை வளப்படுத்துகின்றன. வானளாவிய மாளிகைகள் நிறைந்த அந்நகரில், 1859ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற தாவரவியல் பூங்கா பசுமை குன்றாமல் விளங்குகிறது. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுச் சிறப்பித்தது. அப்பூங்காவின் அகத்தே, ஏறத்தாழ 3 எக்டேர் பரப்பில் அமைந்துள்ளது தேசிய ஆர்க்கிட் பூங்கா. 1995ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இப்பொழிலில், ஏறத்தாழ 1,000 இயற்கை இனங்களும் 2,000 கலப்பினங்களும் பேணி வளர்க்கப்படுகின்றன.

விரைந்து நடப்பார்க்கு இப்பொழிலைக் காண ஒரு மணி நேரம் போதும். ஆர அமரக் காண்பார்க்கோ ஒரு பகற்பொழுது வேண்டும். அந்நாட்டில் வாழும் தமிழ் முதியவர் ஒருவர், பள்ளி விடுமுறை நாளொன்றில் தம் பேர்த்தியை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றார். இளங்காலை வெயில் இலைகளினூடே புகுந்து பாதையில் கோலமிட்டிருந்தது. வளைந்து செல்லும் வழியின் இருமருங்கும் மலர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஓரிடத்தில் பொன்னும் மஞ்சளும். மற்றோரிடத்தில் செம்மையும் இளஞ்சிவப்பும். அப்பால் வெண்மையும் ஊதாவும். இவ்வண்ண வேறுபாட்டிற்கு ஏற்ப நான்கு பகுதிகள் வகுத்து, அவற்றிற்கு நான்கு பருவங்களின் பெயரை இட்டிருக்கின்றனர். குளிரும் கோடையும் மாறி வாராத நாட்டில், மலர்களைக் கொண்டே பருவங்களைப் படைத்துக்கொண்டனர் போலும்!

மரக்கிளையைப் பற்றிக்கொண்டு பூத்திருந்த செடியொன்றைக் கண்டதும் சிறுமி நின்றாள். "தாத்தா, ஊரில் பாட்டி வீட்டு மாமரத்தில் புல்லுருவி இருந்ததே! இதுவும் அதைப் போல் மரத்தின் சாற்றை உறிஞ்சுமோ?" என்று வினவினாள்.

"இல்லை, அம்மா. இதன் வேர் மரத்தின் உள்ளே புகுவதில்லை. வேரின்மேல் வெண்ணிறப் போர்வை ஒன்று இருக்கிறது, பார். மழைநீரையும் பனியின் ஈரத்தையும் அப்போர்வை பஞ்சு போல் ஏற்றுக்கொள்ளும். பட்டையின் இடுக்கில் மக்கிய இலைகளிலிருந்தும் இச்செடிக்கு உரம் கிடைக்கும். மரத்தினிடம் இது வேண்டுவது நிற்பதற்கு ஓர் இடமே. ஒட்டி வாழ்வது வேறு, உறிஞ்சி வாழ்வது வேறு," என்றார் முதியவர்.

மரத்தில் உணவு வேண்டாத இச்செடிக்கும் பிறர் துணை இன்றியமையாத பருவம் ஒன்று உண்டு. ஆர்க்கிட்டின் ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருக்கும். அவை தூசியினும் நுண்ணியவை. நெல்லிலும் அவரையிலும் இருப்பது போன்ற சேமித்த உணவு அவற்றில் இல்லை. ஆதலின், இயற்கையில் நுண்ணிய பூஞ்சை ஒன்று துணைசெய்து ஊட்டினாலன்றி அவை வளர்வதில்லை. 1922ஆம் ஆண்டில், அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழை ஒத்த ஊடகத்தில் இவ்விதைகளைக் கண்ணாடிக் குடுவைக்குள் முளைப்பிக்கும் முறையை வெளியிட்டார். பூங்காவின் தலைவராக இருந்த ஹோல்ட்டம், 1928ஆம் ஆண்டில் அம்முறையைக் கைக்கொண்டு சிங்கப்பூரில் கலப்பின வளர்ப்பைத் தொடங்கினார். குடுவையில் முளைத்த பசும்புள்ளி பூவாக மலர்வதற்குச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

நண்பகலில் இருவரும், 'வாண்டா மிஸ் ஜோவாக்கிம்' என்னும் மலரின்முன் நின்றனர். வாண்டா என்பது வடமொழியிலிருந்து எடுத்த பெயர். தாவர நூலார் இன்று இச்செடியை வேறு பேரினத்துள் வைப்பினும், பழம்பெயரே மக்கள் வழக்கில் நிலவுகிறது. சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோவாக்கிம், தம் தோட்டத்தில் இரண்டு இனங்களைக் கலந்து இதனை உண்டாக்கினார். 1893ஆம் ஆண்டில் பூங்காவின் தலைவர் ரிட்லி அச்செய்தியை எழுதி வெளியிட்டார். 1899ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார். பின்வந்தோர் சிலர், இம்மலர் தானே தோன்றியது. அவர் அதனைக் கண்டெடுத்தார், அவ்வளவே என்று கூறலாயினர். 1981ஆம் ஆண்டில் அது நாட்டின் தேசிய மலராயிற்று. எனினும், ஐயம் அகலவில்லை. 2016ஆம் ஆண்டில்தான், அதனை உருவாக்கியவர் அவரே என்பதை அந்நாட்டு அமைப்புகள் ஏற்றுக்கொண்டன.

"அவர் இருந்தபோதே ஒருவர் எழுதிவைத்தாரே, தாத்தா! பிறகும் ஏன் நம்பவில்லை?" என்றாள் சிறுமி. முதியவர் உடனே விடை கூறவில்லை. "எழுதிவைத்தது இருந்ததனால்தான், அம்மா, உண்மை மீண்டும் வெளிப்பட்டது," என்றார்.

பிற்பகலில் மழை பெய்து ஓய்ந்தது. பெரும்பூங்காவின் பாதையில், 1861ஆம் ஆண்டில் நடப்பெற்ற புலி ஆர்க்கிட் புதர்போற் பரந்து நின்றது. ஆர்க்கிட் இனங்களுள் மிகப் பெரியது இதுவே. மஞ்சள் இதழ்களில் செம்பழுப்புப் புள்ளிகள் இருத்தலின் இப்பெயர் பெற்றது. முன்னாளில் இது சிங்கப்பூரின் காடுகளில் தானே வளர்ந்தது. காடுகள் அழிந்தபோது தானும் அழிந்தது. 1990களில் பூங்காவினர் இதன் விதைகளைக் குடுவைகளில் முளைப்பித்து, வளர்ந்த கன்றுகளைச் சாலையோர மரங்களிலும் சோலைகளிலும் பதிக்கத் தொடங்கினர். ஒரு காலத்தில் பூஞ்சை செய்த துணையை இன்று மனிதர் கை செய்கிறது.

மலர் கண்ணைக் கவர ஒரு கணம் போதும். அதன் பின்னே நிற்கும் உழைப்பு நின்று நோக்குவார்க்கே புலப்படும். காட்டை அழித்தவன் மனிதன். அழிந்ததை மீட்க ஆண்டுக்கணக்கில் குடுவையின் முன் காத்திருப்பவனும் மனிதனே. அவ்விருவருள் யாராக வளர்வது என்பதை இளமையிலேயே எண்ணிப் பார்த்தல் நன்று.