துலக்கினால் கெடும் அழகு

குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதும், செம்பைச் சாம்பரிட்டு விளக்குவதும், சப்பாத்துக்குப் பொலிஷ் இடுவதும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். தேய்க்கத் தேய்க்க எப்பொருளும் அழகு பெறும் என்பது எம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. வீட்டில் மோட்டார்க் கார் இருந்தால் அதற்கும் இதே உபசாரந்தான். மெழுகு பூசித் தேய்த்து, அதில் முகம் தெரிந்த பின்னரே பலருக்கு மனம் ஆறும்.

இவ்வழக்கத்துக்கு முற்றிலும் மாறானது, ‘மேட்’ என வழங்கும் ஒளிமங்கிய பூச்சு. 2007ஆம் ஆண்டில் இத்தாலியின் லம்போர்கினி நிறுவனம், போர் விமானத்தின் சாயலில் ‘ரெவென்டோன்’ என்னும் காரை வெளியிட்டபோது, அதற்கு இத்தகைய மங்கிய சாம்பல் நிறத்தையே தீட்டியிருந்தது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் பென்ஸ் முதலிய நிறுவனங்களும் தம் கார்கள் சிலவற்றுக்கு இத்தகைய பூச்சைத் தரலாயின.

இம்மங்கலுக்குக் காரணம் அழுக்குமன்று, தேய்வுமன்று. நிறத்தின்மேல் இடப்படும் தெளிந்த பூச்சிலே சிலிக்கா போன்ற நுண்துகள்களைக் கலக்கின்றனர். அது காயும்போது கண்ணுக்குப் புலனாகாத மேடுபள்ளங்கள் உண்டாகின்றன. அசைவற்ற குளத்தில் முழுமதி தெளிவாகத் தெரியும். காற்றடித்துச் சிற்றலை எழுந்தால் அவ்வுருவம் சிதறிவிடும் அன்றோ? அவ்வாறே இப்பூச்சிற் படும் ஒளியும் பல திசைகளிலும் சிதறுகின்றது. தேய்த்தால் மேடுகள் மழுங்கும். மெழுகிட்டால் பள்ளங்கள் தூர்ந்துவிடும். இரண்டினாலும் அவ்விடம் திட்டாக மினுங்கத் தொடங்கும்.

எமது உறவினர் ஒருவர் கொழும்பில் இத்தகைய காரொன்றை வாங்கினார். அவருடைய சாரதி முப்பது ஆண்டுகளாகக் கார்களைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பேணியவர். ஒருநாட் காலை, முன்மூடியில் காகம் இட்ட எச்சம் காய்ந்து கிடக்கக் கண்டு, பொலிஷ் இட்டுத் தேய்த்தார். உள்ளங்கையளவு இடம் மினுங்கிற்று. அதைச் சீராக்க எண்ணி மேலும் தேய்த்தார். மினுக்கமும் மேலும் பரந்தது. அவ்விடத்தை மட்டும் திருத்த முடியாது, மூடி முழுவதற்கும் புதிதாக வர்ணம் பூச வேண்டும் என்று கராஜில் கூறிவிட்டனர்.

செலவைச் சாரதியின் சம்பளத்திற் பிடிப்பதென்று பேச்சு எழுந்தது. முதியவர் தலைகுனிந்து நின்றார். நாம் பொறுக்கமாட்டாமல், “அண்ணை, இதைத் தேய்க்கப்படாதெண்டு அவருக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டோம். விடை வரவில்லை. காருடன் வந்த கைநூல் உறை பிரியாமல் உள்ளேயே கிடந்தது. அன்று மாலை உறவினர் அதனைப் பிரித்து, தாமே தமிழிற் சொல்லச் சொல்ல, சாரதி கவனத்துடன் கேட்டிருந்தார். சம்பளத்திற் கைவைக்கும் பேச்சு அதனுடன் நின்றுவிட்டது.

அங்கு அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகின்றோம். காரை நிழலில், சூடு தணிந்த பின் கழுவுக. முதலில் நீர் பாய்ச்சிப் புழுதியை நீக்குக. மெழுகு கலவாத, அமிலமும் காரமும் மிகாத சவர்க்கார நீரே தகும். அதற்கு ஒரு வாளியும், துணியை அலசுவதற்கு மற்றொரு வாளியும் வேண்டும். ஒரே வாளியாயின் மணல் மீண்டும் காரையே சேரும். மென்மையான மைக்ரோபைபர் துணியால் அழுத்தாது கழுவி, நீர் தானே உலருமுன் ஒற்றி எடுக்க வேண்டும். தவறினால், கடின நீரிலுள்ள உப்புகள் வெண்புள்ளிகளாகப் படியும். சுழலும் தூரிகைகளைக் கொண்ட இயந்திரக் கழுவலை அறவே தவிர்க்க வேண்டும்.

பறவை எச்சம், மரப்பால், சிந்திய பெற்றோல் ஆகியவற்றை உடனே அகற்றல் வேண்டும். காய்ந்திருந்தால் ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் இட்டு, ஊறிய பின் மெல்ல எடுக்கலாம். கூடுதற் காப்பு விரும்புவோர் மங்கிய பூச்சுக்கென்றே செய்யப்பட்ட ஒளிபுகு மென்படலத்தை ஒட்டுவிக்கலாம். சாதாரணப் படலம் காரைப் பளபளக்கச் செய்துவிடும்.

அன்புடன் தேய்த்த கையே அழகைக் கெடுத்தது என்பதை எண்ணும்போது எமக்கு ஒன்று தோன்றுகின்றது. பேணும் அன்பு மட்டும் போதாது. பேணப்படும் பொருளின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிவிக்கும் பொறுப்போ, பொருளை ஒப்படைப்பவருடையது. சொல்லிக் கொடாமல் ஒப்படைத்துவிட்டுப் பின்னர் சினந்து கொள்வது நீதியன்று.