அருவிக்கரையில் தாகம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

தென்காசி என்றதும் கோபுரமும், குற்றாலம் என்றதும் பேரருவியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து வரும். சாரல் விழும். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என எங்கும் மக்கள் வெள்ளம். சிற்றாறு பெருகி ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கும். குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி என அணைகளும் நம் மாவட்டத்திற்கு உண்டு. கிழக்கே சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் நிலம் வானம் பார்த்துக் கிடந்தாலும், மலையடிவாரத்தில் வாழும் எங்களைத் தண்ணீர்க் கவலை அறியாதவர்கள் என்றே வெளியூரார் எண்ணுகின்றனர்.

இத்தகைய ஊரிலும் நாளெல்லாம் தாகத்தோடு இருக்கும் குழந்தைகள் உண்டு என்றால் யார் நம்புவர்? ஆயினும் அது உண்மை. அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்காமல் இல்லை. கிடைத்தும் அவர்கள் குடிப்பதில்லை.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகத் தென்காசியை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அங்குள்ள பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பது எங்கள் குழுவின் பணி. மாலை மணி அடித்ததும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வேப்பங்கன்றின் அடியில் நின்று, தன் பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கொண்டிருந்தாள். கன்றுக்கு நீர் விடுகிறாள் என்று நான் மகிழ்ந்து பாராட்டினேன். அவள் சிரித்தாள். “இல்லக்கா, அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா ஏசுவா. அதான் ஊத்துதேன்” என்றாள். “ஏன் குடிக்கவில்லை?” என்று கேட்டேன். “குடிச்சா ஒண்ணுக்கு வரும்லா. அங்க கதவுல தாப்பா கெடையாது” என்றாள்.

தாழ்ப்பாள்! ஒரு கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் இரும்புத் துண்டு. அது இல்லாததால் ஒரு குழந்தை காலை முதல் மாலை வரை நாவறண்டு பாடம் கேட்கிறாள். அவள் சொன்னது எனக்குப் புதிய செய்தி அன்று. நானும் அப்படித்தான் படித்தேன். ஏழரை மணிப் பேருந்தில் ஏறினால் வீடு திரும்ப மாலை ஐந்தரை ஆகும். அந்தப் பத்து மணி நேரமும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை என்பது எங்கள் வகுப்புப் பெண்கள் பலரும் பேசாமலே கடைப்பிடித்த நோன்பு. பத்தாம் வகுப்பில் கடும் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்து அரசு மருத்துவமனைக்குச் சென்றபோது, மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கிறாயா?” என்பதே. சிறுநீர்ப் பாதையில் தொற்று என்றார். அந்த அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களை நான் எழுதவில்லை.

இதையெல்லாம் கல்லூரி மலரில் எழுதலாமா என்று தோழியர் தயங்கினர். விலங்கியல் வகுப்பில் சிறுநீரகத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும்போது வராத கூச்சம், அதன் நோயைச் சொல்லும்போது மட்டும் ஏன் வரவேண்டும்? சிறுநீரகம் இரத்தத்தில் உள்ள கழிவை நீரில் கரைத்து வெளியேற்றுகிறது. போதிய நீர் இல்லையேல் சிறுநீர் அடர்த்தியாகிறது. அதையும் பல மணி நேரம் அடக்கி வைத்தால், உள்ளே புகுந்த கிருமிகள் அடித்துச் செல்லப்படாமல் சிறுநீர்ப் பையிலேயே பெருகுகின்றன. பெரும்பாலும் இத்தொற்றை உண்டாக்குவது, நம் குடலில் வாழும் எஷரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவே. ஆண்களின் சிறுநீர் வடிகுழாய் ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், பெண்களுக்கோ ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. ஆகவே கிருமி எளிதில் மேலே ஏறிவிடுகிறது. பாழடைந்த கழிப்பறையால் மாணவர்களுக்கும் துன்பம் உண்டு. ஆனால் மாணவிகளுக்கு அது நோயாகவே முடிகிறது. மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நான் என் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். கல்லூரியில் சேரும்போது ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் பெற்றோம். குடும்பத்தில் இதற்கு முன் யாரேனும் பட்டம் பெற்றதுண்டா என்று அந்த விண்ணப்பம் கேட்கும். ஏன் பெறவில்லை என்று கேட்காது. என் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வருவாராம். பெரியவளான பின் ஒதுங்க இடமில்லாத பள்ளிக்குப் பெண்ணை அனுப்ப எங்கள் தாத்தா மறுத்துவிட்டார். புத்தகப் பை இருந்த மடியில் பீடித்தட்டு வந்தது. இன்றும் அம்மா விரல்களால் எண்ணாமலே இருபத்தைந்து பீடியைக் கட்டாகக் கட்டுவதைப் பார்க்கும்போது, அந்தக் கணக்கு அறிவு எங்கே போய் முடிந்தது என்று நினைத்துக் கொள்வேன். வறுமை, வழக்கம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் நான்கு சுவரும் ஒரு கதவும் இல்லாததும் ஒன்று.

சட்டம் இல்லையா என்றால், உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்குப் பாதுகாப்பான குடிநீரும், ஆண் பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பறையும் வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதங்களுக்குள் கழிப்பறை அமைக்குமாறு ஆணையிட்டது. 2014இல் தொடங்கிய தூய்மைப் பள்ளி இயக்கத்தில், ஓராண்டில் 2 லட்சத்து 61 ஆயிரம் பள்ளிகளில் 4 லட்சத்து 17 ஆயிரம் கழிப்பறைகள் அமைக்கப்பட்டதாக நடுவணரசு அறிவித்தது. பெரும்பணிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிய கழிப்பறைகளை 15 மாநிலங்களில் நேரில் ஆய்ந்து, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2020இல் தந்த அறிக்கை என்ன சொல்கிறது? பார்த்தவற்றுள் 72 விழுக்காட்டில் உள்ளே குழாய் நீர் இல்லை. 55 விழுக்காட்டில் கை கழுவ வசதி இல்லை. கட்டடம் எழுந்தது; தண்ணீர் வரவில்லை. நீரில்லாக் கழிப்பறை சில நாட்களில் பூட்டிய அறையாகும். பின்னர் உடைந்த நாற்காலிகளின் கிடங்காகும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. பாதுகாப்பான குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொது அவை 2010 ஜூலை 28 அன்று தீர்மானித்தது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்குப்படி, 2023இல் உலகெங்கும் 44 கோடியே 70 லட்சம் குழந்தைகளின் பள்ளிகளில் அடிப்படைக் குடிநீர் வசதி இல்லை. 42 கோடியே 70 லட்சம் குழந்தைகளுக்குப் பள்ளியில் அடிப்படைக் கழிப்பறை வசதி இல்லை. நீரும் சோப்பும் வைத்துக் கை கழுவும் வசதி இல்லாதவர்களோ 64 கோடியே 60 லட்சம். மூன்றனுள் கடைசி எண்ணே பெரிது என்பதைக் கவனியுங்கள். கை கழுவுதலை உலகம் கடைசியாகத்தான் நினைக்கிறது.

அதன் விளைவு சிறிதன்று. வயிற்றுப்போக்கினால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் உலகில் மடிகின்றனர். பிள்ளைகள் பசியோடு படிக்கக் கூடாது என்று காமராசர் 1956இல் மதிய உணவு தந்தார். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. இவ்வளவு அக்கறையோடு தட்டில் இடும் சோற்றை எடுக்கும் கை, சோப்புப் போட்டுக் கழுவிய கையாக இருக்க வேண்டாமா? குற்றால அருவிகளில் நீர் கெடுகிறது என்பதால் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் தடை செய்தது. நல்ல ஆணை. வேண்டாத இடத்தில் அவ்வளவு சோப்பு. வேண்டிய பள்ளிக் குழாயடியில் ஒரு துண்டு சோப்பு இல்லை. என்னே முரண்!

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காக 2019இல் கேரளப் பள்ளிகளில் ‘தண்ணீர் மணி’ அடிக்கத் தொடங்கினர். 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. வரவேற்கத் தக்கதே. ஆனால் மணி அடித்ததும் குடிக்கும் குழந்தை, ஒரு மணி நேரம் கழித்து எங்கே போவாள் என்பதற்கும் விடை வேண்டும். குடிநீர், கழிப்பறை, கை கழுவுதல் மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

வேண்டுவது என்ன? ஒரு தாழ்ப்பாள், உள்ளே குழாய் நீர், ஒரு வாளி, ஒரு குப்பைத்தொட்டி, ஒரு சோப்பு. இவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் சுத்தம் செய்யும் தொழிலாளிக்கு மாதம் தவறாத ஊதியம். கட்டடத்திற்கு ஒருமுறை பணம் தந்தால் போதும்; சுத்தத்திற்கு ஒவ்வொரு நாளும் தரவேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்த ஏழைப் பிள்ளைகளின் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது தீர்வாகாது.

இதைக் கேட்கும் உரிமையும் நம்மிடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதில் நம் அம்மாக்களும் அக்காக்களும் உறுப்பினராக இருக்கிறார்கள். பலரும் கையெழுத்திட்டுவிட்டு வருகிறார்கள். படித்த பிள்ளைகளாகிய நாம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டு அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுமாறு அவர்களிடம் சொல்லலாம் அல்லவா?

நண்பர்களே! நம்முள் பலர் நாளை ஆசிரியராவீர்கள்; சிலர் அதிகாரியாவீர்கள். எந்த ஊர்ப் பள்ளிக்குள் காலடி வைத்தாலும், கரும்பலகையையும் தேர்ச்சி விழுக்காட்டையும் பார்க்குமுன் மாணவியர் கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள். குழாயைத் திருகிப் பாருங்கள். உட்புறம் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள். இனி வரும் தலைமுறையில், ஒதுங்க இடமில்லாத காரணத்தால் எந்த வீட்டுப் பட்டமும் ஒரு தலைமுறை தள்ளிப் போகாமல் இருக்கட்டும்.