ரீல் மெஷினே போதும், தம்பி

சோளிங்கர்
5.10.2025

அன்புள்ள தம்பி குமாருக்கு,

இந்த வருஷம் புரட்டாசி மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. காலையில் கொண்டபாளையம் பக்கம் பார்த்தால் பெரிய மலையில் பாதிக்கு மேல் மேகம்தான். மழை விட்ட மறுநாளே வாசல் புல் விரற்கடை உயரம் ஏறிவிடுகிறது. அதனால் புல் வெட்டும் மெஷின் விஷயத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. போனில் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று பேசி நேரம் போய்விடுகிறது. என் காரணங்களை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய மெஷினையே சரிபார்க்கலாமே என்று அம்மா கேட்கிறார்கள். அது ஆகாது. கிணற்றடிப் பக்கம் மண்ணுக்குள் கிடந்த கல்லில் கத்தி மோதி, எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கைப்பிடியில் கை நிற்கவில்லை. நிமிஷத்துக்குச் சுமார் 3,000 சுற்று சுழலும் கத்தியை வளைந்த ஷாஃப்டில் மாட்டி, பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் ஓட்டக் கூடாது. ஷாஃப்ட் மாற்றும் செலவில் கொஞ்சம் கூடப் போட்டால் புது எஞ்சினே வாங்கிவிடலாம். ஆனால் அதை மாட்டும் அடித்தட்டும் ஈரப்புல் ஒட்டி ஒட்டித் துருவேறிப் பொத்தலாகிவிட்டது. அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவோம்.

நீ 21 அங்குல அகலத்தில், தானே நகரும் பெட்ரோல் மெஷின் வாங்கச் சொல்கிறாய். பணமும் அனுப்புகிறேன் என்கிறாய். இந்த வயதில் அண்ணன் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டாம் என்ற உன் எண்ணம் எனக்குப் புரிகிறது, அதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு. ஆனால் நம் வீட்டுக்கு ஏற்றது கையால் தள்ளும் ரீல் மெஷின்தான். எஞ்சினும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. சக்கரம் உருளும்போது நடுவில் உள்ள கத்தி உருளை சுற்றும். அதில் 15 அங்குல அகலம் போதும்.

முதலில் அளவைப் பார். வீட்டைச் சுற்றி இடம் நிறைய இருந்தாலும் புல்தரை மூன்று சென்ட்தான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக மொத்தம் சுமார் 1,307 சதுர அடி. 15 அங்குல மெஷினில் ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று அங்குலம் மேலே ஏற்றி ஓட்டினால் ஒரு நடைக்கு ஓர் அடி அகலம் வெட்டும். அப்படியானால் மொத்த நடை 1,307 அடி, அதாவது சுமார் 400 மீட்டர். நீ சொல்லும் 21 அங்குல மெஷினில் அதே கணக்குப் போட்டால் 266 மீட்டர். மிச்சமாவது சுமார் 130 மீட்டர் நடைதான். இதற்காக அரை லட்சத்தைத் தாண்டிச் செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. துளசி மாடத்துக்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே அந்தப் பெரிய மெஷினைத் திருப்புவதும் கஷ்டம்.

அடுத்தது பெட்ரோல். இப்போது இங்கே பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாள்பட நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். தினம் ஓடும் பைக்குக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. புல்வெட்டி அப்படி இல்லை. நம் ஊரில் தை கழிந்தால் புல் வளர்ச்சி நின்றுவிடும், ஆடி மழைவரை மெஷினுக்கு வேலையே கிடையாது. அந்த மாதங்களில் கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கும். மேலும், இந்தச் சிறிய எஞ்சின்களோடு வரும் புத்தகங்களில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால்வரைதான் ஊற்றலாம் என்று போட்டிருக்கிறது. வருஷா வருஷம் அதைக் கழற்றிக்கொண்டு டூவீலர் மெக்கானிக்கிடம் போய் நிற்க வேண்டும். பெட்ரோல் மெஷின் காலமே உலகத்தில் இறங்குமுகமாக இருக்கிறது. ஹோண்டா அமெரிக்காவில் புல்வெட்டி தயாரிப்பதை 2023-இல் நிறுத்திவிட்டது. கலிபோர்னியாவில் 2024 முதல் புதிதாகத் தயாரிக்கும் புல்வெட்டி எஞ்சின்கள் புகையே விடக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. இதையெல்லாம் விடு. அந்த எஞ்சின் சத்தத்தில் அம்மா திண்ணையில் உட்கார முடியாது, எனக்கு அது ஒன்றே போதும்.

கரண்ட் மெஷினைப் பற்றி நானும் நிறைய யோசித்தேன். ரீல் மெஷின் என்று ஒன்று இல்லாவிட்டால் அதைத்தான் வாங்கியிருப்பேன். 1,200 வாட்டில் 32 செ.மீ. அகலத்துக்கு வெட்டும் மெஷின்கள் நம் இடத்துக்குப் போதும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் ஈரப்புல்லில் நீள வயரை இழுத்துக்கொண்டு, அதே வயரைக் கத்தி வெட்டிவிடாமல் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்பா கட்டிய காலத்து வயரிங்கில் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. போடாமல் வெளியில் எந்த மெஷினையும் ஓட்ட நான் சம்மதிக்கமாட்டேன். அந்த ஆர்.சி.சி.பி.யை எப்படியும் இந்த மாதமே போடச் சொல்லியிருக்கிறேன், மெஷினுக்காக அல்ல, அம்மாவுக்காக. பேட்டரி மெஷின் உனக்குச் சரி, அங்கே மெல்போர்னில் ஒரே பேட்டரியை டிரில்லுக்கும் புல்வெட்டிக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறாய். இங்கே சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் லித்தியம் பேட்டரி வைத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறைந்துவிடும். மாற்று பேட்டரி விலையைக் கேட்டாலே மெஷின் விலையில் பெரும்பங்கு வருகிறது.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நான் ராணிப்பேட்டையில் டேனரியில் ஷேவிங் மெஷினில் நின்றவன். உனக்கு அந்த மெஷின் நினைவிருக்கும், சின்ன வயதில் அப்பாவோடு வந்து பார்த்திருக்கிறாய். குரோம் போட்ட ஈரத் தோலை உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சுருளாக ஓடும் கத்திகள் அதன் உள்பக்கத்தைச் சீவி, ஒரே கனத்துக்குக் கொண்டுவரும். கேஜ் வைத்துப் பார்த்தால் எங்கே பிடித்தாலும் 1.1, 1.2 மில்லிமீட்டர் என்று வர வேண்டும். கத்தி மழுங்கினால் தோல் சீவப்படாமல் கிழியும், அப்புறம் அந்தத் தோலுக்கு விலையே இல்லை. அதனால்தான் மெஷினிலேயே சாணைக்கல் ஒன்று கத்தி உருளையின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். கத்தியைக் கூராகவும் நேராகவும் வைப்பதுதான் பாதி வேலை.

ரீல் மெஷினைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்த ஷேவிங் மெஷின்தான் நினைவுக்கு வந்தது. இதில் தற்செயல் எதுவும் இல்லை. புல்வெட்டியைக் கண்டுபிடித்த எட்வின் பட்டிங் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊர்ப்பக்கம் கம்பளித் துணி ஆலைகளுக்கு மெஷின் வேலை செய்தவர். நெய்த கம்பளியில் எழும்பி நிற்கும் பிசிறைச் சுருள் கத்தி உருளை சீவுவதைப் பார்த்தவர், அதே உருளையைச் சக்கரத்தில் மாட்டிப் புல்லின் மேல் உருட்டினார். 1830-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். லண்டன் மிருகக்காட்சிச் சாலைத் தோட்டத்துக்கு ஆரம்பத்திலேயே அந்த மெஷின் போயிற்று. பிறகு பெரிய மைதானங்களுக்குக் குதிரை இழுக்கும் மெஷின்கள் வந்தபோது, குளம்பு தரையைக் குத்தாமல் இருக்கக் குதிரைகளின் காலுக்குத் தோலில் காலணி தைத்துப் போட்டார்கள். நம் ஆம்பூர்க்காரர்கள் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் அந்த வேலையும் அவர்களிடம்தான் வந்திருக்கும். துணிக்கும் தோலுக்கும் புல்லுக்கும் ஒரே கத்தி வேலை என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை, தம்பி.

உன் ஊரில் தெருவெல்லாம் ஓடும் விக்டா மெஷின் வேறு ஜாதி. 1952-இல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் வீட்டுக் கொட்டகையில் செய்து, டின் டப்பாவையே பெட்ரோல் டேங்காக வைத்த மெஷின் அது. அடியில் தட்டையாகச் சுழலும் கத்தி வேகத்தால் புல்லை அடித்து முறிக்கும். உயரமான புல்லுக்கும் கரடுமுரடான தரைக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் புல் நுனி நார்நாராகக் கிழிந்து, இரண்டாம் நாள் தரை முழுக்க வெளுத்துத் தெரியும். நம் பழைய மெஷின் வெட்டிய பிறகு அம்மா "புல்லுக்கு என்ன சீக்கு?" என்று கேட்பது அதனால்தான். ரீலில் சுழலும் கத்தி கீழே அசையாமல் இருக்கும் பட்டைக் கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோலாக நறுக்கும். நம் வாசலில் இருப்பது அருகம்புல், தரையோடு படர்ந்து அடர்த்தியாக வரும் ஜாதி. ஒன்றரை அங்குலத்தில் அடிக்கடி நறுக்கினால் இன்னும் அடர்த்தியாகும். கிரிக்கெட் மைதானங்களில் இன்றும் ரீல் மெஷின்தான் ஓடுகிறது.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ கேட்கக் கூடாது. புல் நாலு விரல் உயரத்துக்கு ஏறிவிட்டால் இது வெட்டாது, மடக்கிப்போட்டுவிட்டு மேலே ஏறிப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறையாவது தள்ள வேண்டும். கோரை விறைத்து நிற்கும், அதைக் கிழங்கோடு கையால்தான் பிடுங்க வேண்டும். அடைமழையில் இரண்டு வாரம் தவறினால் பிரஷ் கட்டர் வைத்திருக்கும் பையனைக் கூப்பிட்டு ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடி ரீலுக்கு வரலாம். கல் இதற்கும் எதிரிதான். ஆனால் கல் மாட்டினால் உருளை அங்கேயே நின்றுவிடும். கத்தியில் சின்னப் பல் விழும், அரத்தால் தேய்த்துவிடலாம். ஷாஃப்ட் வளையாது, கல் பறந்து யார் காலிலும் அடிக்காது. பின்பக்கம் மாமரத்தடிக்கு எந்த மெஷினும் வேண்டாம். அங்கே எதிர்வீட்டு அக்கா தன் ஆடுகளுக்கு அறுத்துக்கொண்டு போகிறாள், அது அப்படியே நடக்கட்டும்.

நம் நாட்டிலேயே ஃபால்கன், ஷார்பெக்ஸ் என்ற பெயர்களில் ரீல் மெஷின் வருகிறது. விலை பத்தாயிரத்துக்குள் முடியும். பெயரைவிட நான் பார்க்கப்போவது வேறு. உருளையின் இரண்டு முனையிலும் புஷ் இல்லாமல் பால் பேரிங் இருக்க வேண்டும், அந்த அளவு பேரிங் இங்கே பஜாரில் கிடைக்க வேண்டும். பட்டைக் கத்தியை இரண்டு பக்கமும் ஸ்க்ரூ வைத்து நெருக்கவும் தளர்த்தவும் வசதி இருக்க வேண்டும். கடையிலேயே ஒரு செய்தித்தாள் துண்டைக் கொடுத்து உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பேன். அகலம் முழுக்கக் காகிதம் சுத்தமாக நறுங்கினால்தான் வாங்குவேன். ஐந்து கத்தி போதும். அதற்கு மேல் இருந்தால் மிகக் கட்டையாக வெட்டும் தரைக்குத்தான் ஆகும். பைக் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் இரண்டு கத்தியும் ஒன்றுக்கொன்று தேய்ந்து கூராகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை போதும். அந்த வேலைக்கு நான் யாரையும் தேட வேண்டியதில்லை.

புல் சேர்க்கும் பை வேண்டாம். மலையிலிருந்து வரும் குரங்குகள் துணிப்பையை ஒருநாள் வைக்காது. வாராவாரம் வெட்டினால் விழும் துண்டுகள் சின்னதாக இருக்கும், அவை தரையிலேயே மக்கி உரமாகட்டும். கிழக்கு மூலையில் அம்மா பிள்ளையாருக்குக் கிள்ளும் அருகை மட்டும் வெட்டாமல் ஓரம் விடுவேன்.

கார்த்திகை ஞாயிறுகளில் மலைக் கோயிலுக்குச் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். 2024-இல் பெரிய மலைக்கு ரோப் கார் வந்த பிறகு, 1,305 படி ஏற முடியாது என்று வராமல் இருந்த பெரியவர்களும் வருகிறார்கள். எல்லோரும் சாயங்காலம் உட்காருவது அந்தப் புல்தரையில்தான். நீயும் இந்த வருஷம் மீனாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. பெட்ரோல் மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தை அந்த டிக்கெட்டில் போடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் போனில் ஒரு வார்த்தை சரி என்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை வேலூர் போய் மெஷினை வாங்கி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்