நல்லூரில் ஓர் அறை வாடகைக்கு

யாழ்ப்பாணப் பட்டினத்துப் பேருந்து நிலையத்திலிருந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலே இருக்கிறது. கோயிலிலிருந்து வடமேற்குத் திசையாக நடப்போமாயின் அரைமணி நேரத்துள் திருநெல்வேலியிலே, இராமநாதன் வீதியில், பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைந்துவிடலாம். இந்தச் சிறு தொலைவுக்குள் அடங்கிய ஒழுங்கைகளைப் பல ஆண்டுகளாகக் காலையும் மாலையும் சைக்கிளிற் கடந்து வருபவன் நான். மதில்களிலும் மின்கம்பங்களிலும் தொங்கும் அறிவித்தல்களைப் படிப்பது ஓர் ஆசிரியனுக்குத் தவிர்க்க முடியாத பழக்கம். எழுத்துப் பிழை காணும் ஆசையும் அதனுடன் சேர்ந்தது. கோயிற்புறத்து மதில்களில் 'நாள் வாடகைக்கு அறை உண்டு' என்றிருக்கும். பல்கலைக்கழகம் நெருங்க நெருங்க அது 'மாணவியர் இருவருக்கு அறை உண்டு' என்று மாறிவிடும். வீடுகள் என்னவோ ஒரே மாதிரியானவை: முன்னே விறாந்தை, நடுவே மண்டபம், இருபுறமும் அறைகள், பின்னே குசினி, அப்பால் கிணறு. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதை இரவுக் கணக்கிலே கொடுப்பதா, மாதக் கணக்கிலே கொடுப்பதா என்பதே இவ்வூர் இல்லத்தரசியர் பலரின் இன்றைய கேள்வி.

வழிப்போக்கருக்கு இடங்கொடுத்துப் பணம் வாங்குவதை நம் முன்னோர் கேட்டிருந்தால் திகைத்திருப்பர். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாயிலிலே சங்கடப்படலை என்றொன்று உண்டு. படலைக்கு மேலே கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை கட்டி, தண்ணீர்க் குடமும் வைத்திருப்பார்கள். வெயிலிலே களைத்து வந்தவன் எவனாயினும் வீட்டாரைக் கேளாமலே அதில் இருந்து இளைப்பாறலாம். பருத்தித்துறையிலே வீதியையே மூடிக் கட்டிய தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். தல யாத்திரை வந்தோர் மடங்களிலே தங்கினர். ஓரிரவுத் தங்கல் என்பது அறத்தைச் சேர்ந்ததாக இருந்தது. மாதக்கணக்கிலே தங்குவது வேறு. தீவகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் பட்டினத்துக் கல்லூரிகளுக்குப் படிக்க வந்த பிள்ளைகளை 'போடிங்' என்று சொல்லி வீடுகளிலே வைத்திருப்பதும், அரிசியாகவோ காசாகவோ அதற்கு ஈடு பெறுவதும் நெடுநாளைய வழக்கம்.

1974ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் தாபித்த பரமேசுவராக் கல்லூரியின் வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன்பின் திருநெல்வேலி, கொக்குவில், கந்தர்மடம் ஆகிய பகுதிகளில் அறை வைத்திருப்போருக்குக் குடியிருப்பாளரைத் தேடி அலையவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாது போயிற்று. பல்கலைக்கழக விடுதிகள் எல்லா மாணவருக்கும் போதா. 2009இல் போர் முடிந்தபின் தென்னிலங்கையிலிருந்து சிங்கள மாணவரும் பெருந்தொகையாக வந்து படிக்கின்றனர். சில ஒழுங்கைகளிலே மாலை வேளையில் மூன்று மொழிகளும் கேட்கும். அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு நடப்பது எனக்குப் பிடித்தமானது.

நாள் வாடகையின் வளர்ச்சி மிக அண்மையது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையிலே நின்றிருந்த சென்னை விமானசேவை 2022 டிசெம்பரிலே திரும்பவும் தொடங்கியது. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் தம் பிள்ளைகளின் கோடை விடுமுறையிலே ஊருக்கு வருகின்றனர். நல்லூர் மகோற்சவமும் அதே காலத்தில்தான் வருகிறது. பிறந்த வீடு விற்கப்பட்டிருக்கும், அல்லது இடிந்திருக்கும்; எனவே சொந்த ஊருக்கு வந்தவரே வாடகை அறை தேடும் நிலை. இவர்கள் கேட்பது கோயில் மணியோசை எட்டும் தூரத்திலே சுத்தமான ஓர் அறை, அதனோடு இணைந்த குளியலறை, குளிரூட்டி. இந்த மூன்றிலே முதலாவது மட்டும் நம் வீடுகளில் இயல்பாகவே உண்டு.

கணக்கைப் பார்ப்போம். வாடகை வீட்டுக்கு வீடு வேறுபடுமாதலின் நான் தருவன உதாரணத்துக்கான எண்கள் மாத்திரமே. மாணவியர் இருவர், ஆளுக்கு மாதம் 8,000 ரூபா. மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றுக்கு 2,000 ரூபாவைக் கழித்தால் மாதம் 14,000 ரூபா. விடுமுறை மாதங்களை விட்டு ஆண்டுக்குப் பத்து மாதம் என்று கொண்டால் 140,000 ரூபா. மறுபுறம் ஓரிரவுக்கு 5,000 ரூபா வாங்கினால், விரிப்புத் தோய்த்தல், சவர்க்காரம், தேநீர், குளிரூட்டியின் மின்சாரம் ஆகியவற்றுக்கு 1,500 ரூபா போக 3,500 ரூபா மிஞ்சும். ஆகவே மாணவியர் ஓராண்டில் தருவதை 40 இரவுகளிலே பெற்றுவிடலாம். திருவிழாவோ 25 நாள்! இதுவரை கணக்குப் பார்த்தவர்கள் பலர் இவ்விடத்திலே பேனையை மூடிவிடுகின்றனர்.

மூடாது மேலே சென்றால், இருபத்தைந்து நாளும் அறை நிறைவதில்லை என்பது தெரியவரும். கொடியேற்றத்துக்குச் சிலர் வருவர். பத்தாம் திருவிழாவாகிய மஞ்சத்துக்கு வருவர். சப்பறம், தேர், தீர்த்தம் ஆகிய கடைசி மூன்று நாளுக்கும் எல்லோரும் வருவர். தேரன்று பத்து அறை இருந்தாலும் கொடுக்கலாம். அதற்கு முந்திய வாரத்துச் செவ்வாய்க்கிழமை யார் வருவார்? திருவிழாவிலே பத்திரவு நிறைந்ததாக வைத்துக்கொண்டால், மீதி முப்பதிரவுக்கும் மற்றைய பதினொரு மாதங்களிலே ஆள் தேடவேண்டும். இணைந்த குளியலறையும் குளிரூட்டியும் புதிய கட்டிலும் அமைக்க 420,000 ரூபா செலவாயிற்று என்போம். 120 இரவு வாடகை அந்தச் சுவருக்கும் குழாய்க்குமே போய்விடும்; ஆண்டுக்கு நாற்பதிரவு வீதம் மூன்று ஆண்டுகள்! மாணவியரோ பொதுக் குளியலறையோடும், சுழலும் ஒரு மின்விசிறியோடும், படிக்க ஒரு மேசை கதிரையோடும் திருப்தியடைவர்.

மின்கட்டணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் நாட்டிலே வீட்டு மின்சாரத்தின் விலை படிப்படியாக ஏறுவது. அலகுகள் கூடினால் ஓர் அலகின் விலையும் கூடும். விருந்தினர் இரவு முழுவதும் ஓடவிட்ட குளிரூட்டி, நம் குசினி விளக்கின் கட்டணத்தையும் மேற்படிக்கு ஏற்றிவிடுகிறது. இதை எழுதிக் கணக்கிட்ட வீட்டுக்காரரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எனினும் இந்த ஊரிலே காசுக் கணக்கை விடப் பெரியது தண்ணீர்க் கணக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளிலே இறங்கித் தேங்குவதையே ஆண்டு முழுவதும் கிணற்றால் இறைத்துக் குடிக்கிறோம். அந்தப் பாறை துளைகள் நிறைந்தது. நல்ல நீரை உள்ளே விடுவது போலவே மலக்குழியின் கசிவையும் விடும். குடாநாட்டின் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். தோட்டத்து உரமும் மலக்குழிகளும் அதற்குக் காரணங்கள். அரைப் பரப்பு வளவிலே புதிய குளியலறை கட்டுபவர் அதற்கொரு குழியும் வெட்டவேண்டும். அக்குழி தம் கிணற்றுக்கு எட்டவிருந்தாலும், மதிலுக்கு அப்பால் அயல்வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டவாக அமைந்துவிடக்கூடும். அதிலும் திருவிழா வருவது மாரிக்கு முந்திய கடும் வரட்சியிலே. கிணற்று நீர் மிகத் தாழ்ந்திருக்கும் காலம் அது. குளிர்நாட்டிலிருந்து வந்த குடும்பம் நாளைக்கு மூன்றுமுறை முழுகுவதைக் குறைசொல்ல முடியாது, வெயில் அப்படி. ஆனால் மோட்டார் ஓடும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

கோயிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே உள்ள ஓர் ஒழுங்கையிலே கணவனை இழந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன், இப்போது வெளிநாட்டில். ஓர் அறையிலே முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த மாணவியர் இருவர் குடியிருக்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் திருவிழா நெருங்கிய வேளையிலே அவர் என்னைப் படலையில் மறித்தார்.

"மாஸ்டர், கனடாவிலயிருந்து ஒரு குடும்பம் அறை கேட்குது. நாளுக்கு ஐயாயிரம் தருவினமாம். இந்தப் பிள்ளையளை ஒரு மாதத்துக்கு வேறை இடம் பாக்கச் சொன்னா என்ன?"

"பிள்ளைகளுக்குச் சோதனை எப்போது?" என்று கேட்டேன்.

"தேர் முடிஞ்ச கையோட எண்டு சொன்னவை." சற்றுப் பேசாதிருந்து, "அவை போனா நான் இரவிலை தனிய," என்றார்.

திருவிழாக் காலத்திலே திருநெல்வேலியில் மாற்றிடம் தேடுவது எத்தகைய பாடு என்பதை அவருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஒரு முறை எழுப்பிவிடப்பட்ட மாணவி திரும்பி வரமாட்டாள். அவளுக்குப் பின் வரவிருந்த தங்கையும், அவ்வூர்ப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். மாத வாடகையின் உண்மையான பயன் இதிலேதான் இருக்கிறது: நல்ல குடியிருப்பாளர் மற்றொருவரை அழைத்து வருவர், அறிவித்தற் பலகையே வேண்டாம். வழிப்பயணி புகைப்படம் பார்த்து வருபவர், அடுத்த முறை இன்னொரு புகைப்படத்தைப் பார்ப்பார்.

அம்மையார் செய்தது நான் எண்ணியிராதது. தாம் படுக்கும் முன்னறையை வெள்ளையடித்து அந்தக் குடும்பத்துக்கு ஐந்து இரவு மட்டும் கொடுத்தார். தாம் பாயை எடுத்துக்கொண்டு மாணவியரின் அறைக்குப் போனார். பிள்ளைகள் இரவிரவாகப் படித்தனர். விளக்கு வெளிச்சத்திலே தமக்கு நித்திரை வரவில்லை என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். கிடைத்த 25,000 ரூபாவிலே நெடுநாளாகக் கிடந்த நீர்மோட்டாரைத் திருத்தினார். அடுத்த ஆண்டும் அப்படியே செய்தார். குளியலறை கட்டவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்துமென்று சொல்லேன். வீட்டிலே உடல்வலுவுள்ள இருவர் இருந்து, முன்னறைக்குத் தனி வாயிலும் இருந்து, வருவோருக்கு விரிப்பு மாற்றுவதையும் வேளைக்குத் தேநீர் கொடுப்பதையும் தொழிலாகவே ஏற்றுக்கொள்ளக் கூடுமாயின், கோயிற்புறத்தாருக்கு நாள் வாடகை நல்ல வருவாய்தான். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிலே இல்லத் தங்கலாகப் பதிவுசெய்து முறையாக நடத்தலாம். ஆனால் அந்த உழைப்புக்கும் ஒரு கூலி உண்டென்று கணக்கிலே எழுதவேண்டும். நம் வீடுகளிலே அந்தக் கூலி எழுதப்படுவதில்லை. ஏனெனில் அதைச் செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்.

காலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளின் பின் பயணிகள் நின்றனர். 2020இல் கொரோனா வந்தது. அவ்வாண்டும் மறு ஆண்டும் நல்லூர்த் திருவிழா கட்டுப்பாடுகளுடனேயே நடந்தது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையிலே நின்றோம். பல்கலைக்கழகமும் இக்காலங்களில் மூடப்பட்டதுண்டு. ஆயினும் மாணவர் பட்டத்தை முடிக்கத் திரும்பியே ஆகவேண்டியவர். கடன்பட்டுக் குளியலறை கட்டியவரிடமோ வங்கி மாதந்தவறாது தவணையைக் கேட்டது.

இனி, சட்டம். மாதவாடகைக்கு அஞ்சுவோர் காட்டும் பூச்சாண்டி, 'இருந்தவன் எழும்பமாட்டான்' என்பது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்கு அளித்த பாதுகாப்பும், அதனால் எழுந்த நீண்ட வழக்குகளும் இந்த அச்சத்துக்கு வித்திட்டவை. அச்சட்டம் எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரேவிதமாகப் பொருந்துவதன்று. தம் வீட்டுக்கு எப்படி என்பதைச் சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டறிவது அவசியம். ஆனால் இதனிலும் பழைய சட்டமொன்றை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்தைக் குறித்துச் செய்யும் குத்தகை நொத்தாரிசு முன்னிலையிலே எழுதப்படவேண்டும். கொப்பித் தாளிலே முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்திட்ட 'ஓராண்டு ஒப்பந்தம்' அதற்கு ஈடாகாது. மாதத்துக்கு மாதம் என்று கொடுப்பவர்கள் வாடகைப் பற்றுச்சீட்டையும், முற்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தரப்படும் என்பதையும் எழுதி வைத்தால் மனக்கசப்புப் பெரும்பாலும் நேராது. வாயிற் கதவின் திறப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது, இரவு எத்தனை மணிக்குப் படலை பூட்டப்படும், உறவினர் வந்தால் எங்கே இருத்துவது என்பவற்றையும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. பிள்ளையின் தாய்தகப்பன் அறை பார்க்க வரும் அன்றே அவர்கள் முன்னிலையில் இதைப் பேசுவது இவ்வூர் வழக்கம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.