கருவியும் பொறுப்பும்

பரீட்சைக்குப் பதினொரு நாட்களே இருந்தன. பேசாலையில் நாம் தமிழ் கற்பிக்கும் பிள்ளைகளுக்காக, முன்னாள் மாணவர் ஒருவர் இணையத்தளமொன்றை அமைத்துத் தந்திருந்தார். பாடக் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் அதில் இருந்தன. ஞாயிறுதோறும் புதியவற்றைச் சேர்த்து, 'ஸ்கிரிப்ட்' எனப்படும் கட்டளைத் தொடரை இயக்குவோம். அது பழைய பக்கங்களை அகற்றிப் புதியவற்றை முகிலில் ஏற்றும். முகில் என்பது வேறொன்றுமன்று. தொலைவில் எவரோ வாடகைக்கு விடும் கணினிகளே.

அன்றிரவும் இறுதி வரியில் 'முடிந்தது' என வந்தது, உறங்கச் சென்றோம். காலையில் மாணவி ஒருத்தி வந்து, "பக்கத்தில ஒண்டும் இல்லை, ரீச்சர்" என்றாள்.

கொழும்பில் தொழில்புரியும் அம்மாணவரை அழைத்தோம். "கடைசி வரியை விடுங்கோ ரீச்சர், மேல உள்ளதை வாசியுங்கோ" என்றார். வாசித்தோம். முதல்நாள் கணினியைப் புதுப்பித்தபோது கட்டளைக் கருவியும் மாறியிருந்தது. ஏற்றும் கட்டளையில் இருந்த ஒரு சொல்லைப் புதிய பதிப்பு அறியவில்லை. அழித்தல் நடந்தது, ஏற்றல் தோற்றது, தொடரோ நில்லாது ஓடிப் பொய்யுரைத்தது. பழைய பதிப்பை மீண்டும் நிறுவி, நண்பகலில் பக்கங்களை மீட்டோம்.

இத்தகைய மாற்றங்கள் புதியனவல்ல. 2020 பெப்ரவரியில் அமேசான் தன் முகிற்கட்டளைக் கருவியின் 2ஆம் பதிப்பை வெளியிட்டபோது, களஞ்சியமொன்றினுள் நுழையும் பழைய கட்டளையை நீக்கி வேறொன்றை வைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த குபெர்நெட்டிஸ் 1.18இலோ கட்டளையின் பெயர் மாறவில்லை; அது செய்யும் வேலை சுருங்கியது. தமிழ் கற்றோர்க்கு இது விளங்கும். நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று தீமணத்தையே குறிக்கிறதன்றோ! சொல் மறைந்தால் உடனே தெரியும். சொல் நிலைத்துப் பொருள் மாறினால் ஏமாந்துபோவோம்.

அங்ஙனமாயின் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா? இதற்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்க முகில் கப்பம் கோரும் தீநிரலுக்கு இலக்கானது. அதன் மின்னஞ்சல் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய பதிப்பில் இயங்கியது. அப்பதிப்புக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதலான அஞ்சல்கள் மீளவில்லை. அக்காலத்துக்குக் காப்புப் பிரதியே இல்லை.

ஆகவே குற்றம் புதுமையிலுமில்லை, பழமையிலுமில்லை. பலருக்குரிய ஒன்றைக் காக்கும் அறிவு ஒருவர் தலையில் மட்டும் தங்கியதே குற்றம். அவர் கொழும்பில் தொலைபேசியை எடுத்திராவிட்டால் எம் பிள்ளைகளின் கதி யாது?

இப்போது எமது தொடர் முதற் பிழையிலேயே நின்றுவிடும். புதியது ஏறிய பின்னரே பழையதை அழிக்கும். கருவியின் பதிப்பெண் அதில் எழுதப்பட்டுள்ளது. புதிய பதிப்பு வந்தால், மாற்றக் குறிப்பை வாசித்து வேறோரிடத்தில் சோதித்த பின்பே ஏற்கிறோம். பதினோராம் தர மாணவர் இருவர் இதனைக் கற்று, ஒவ்வொரு படியையும் தமிழில் ஒரு கொப்பியில் எழுதியுள்ளனர். அதன் முதல் வரி: "முடிந்தது என்று கணினி சொன்னால் நம்பாதே, பக்கத்தைத் திறந்து பார்."