பசை விடாத பட்டு

அசாமின் பார்பேட்டா மாவட்டத்தில், பூட்டான் மலைகளுக்குத் தெற்கே விரியும் சமவெளியில் இருக்கிறது சொர்போக். சிறிய ரயில் நிலையம், சுற்றிலும் நெல்வயல்கள். மத்திய அரசின் சணல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஒரு தனி நிலையம் நடத்துகிறது. சணலுக்காக அல்ல, ராமி என்ற ஒரே ஒரு புதர்ச் செடிக்காக.

ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் மெல்லிய தண்டுகள். இலையின் மேல்புறம் பச்சை. காற்றில் புரண்டால் அடிப்புறம் வெள்ளையாகப் பளிச்சிடும். நீலகிரிச் சோலைகளில் பட்டவுடன் தோலை எரிய வைக்கும் செடி இருக்கிறதே, அதன் உறவுதான் இது. ஆனால் சாது, கொட்டாது.

ராமி என்பது மலாய்ச் சொல். அசாமியர்களுக்கு இது ரிஹா. ஆங்கிலேயர்கள் அதை ‘ரியா’ ஆக்கினார்கள். காடுகளில் இதே குடும்பத்துப் புதர் ஒன்று உண்டு. அதற்கு ‘பன் ரியா’, அதாவது காட்டு ரியா என்று பெயர். ஆற்றங்கரை மீனவக் குடும்பங்கள் வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில் சாணமும் சாம்பலும் போட்டு ரியாவை வளர்த்து, பட்டையை உரித்து, தூண்டில் கயிறும் வலையும் செய்துகொண்டார்கள். இந்த நார் நனைந்தால் இன்னும் பலப்படும். வலைக்கு வேறென்ன வேண்டும்? பின்னாளில் நைலான் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் வில்லியம் ராக்ஸ்பரோ, சுமத்ராவிலிருந்து செடி வரவழைத்து வளர்த்துப் பார்த்தார். அதே செடி அசாமில் வீட்டுக் கொல்லையில் நின்றது பிறகுதான் தெரிந்தது.

பட்டுப்போல மின்னும், பருத்தியைவிடப் பல மடங்கு உறுதியான நார். ஆனாலும் ராமி ஏன் சணலைப்போல ஊரெங்கும் பரவவில்லை? காரணம், பசை. சணலைக் குளத்தில் ஊறப்போட்டால் அழுகி நார் பிரிந்துவிடும். ராமி அதற்கு மசியாது. உரித்த நாரில் 20 முதல் 30 சதவீதம் வரை பசைதான். பச்சைத் தண்டை வெட்டிய சூட்டோடு உரிக்க வேண்டும். காய்ந்தால் பட்டை தண்டோடு ஒட்டிக்கொள்ளும். உரித்த பிறகும் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால்தான் நூற்கத் தகுந்த நார் கிடைக்கும்.

பிரிட்டிஷ் அரசு இந்தப் பூட்டைத் திறக்கப் பணத்தை நீட்டியது. டன்னுக்கு 15 பவுண்டுக்கு மிகாத செலவில் நார் எடுக்கும் இயந்திரத்துக்கு 5,000 பவுண்டு பரிசு என்று 1870-இல் அறிவித்தது. 1872-இல் சஹரான்பூரில் நடந்த போட்டியில் எடின்பரோவின் கிரெய்க் என்பவரின் இயந்திரம் மட்டுமே களத்தில் நின்றது. நிபந்தனையை அது எட்டவில்லை. ஆறுதலாக 1,500 பவுண்டு கொடுத்தார்கள். 1879-இல் மறுபடியும் போட்டி, மறுபடியும் ஏமாற்றம். 1881-இல் பரிசையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இன்று இயந்திரம் இருக்கிறது. சுழலும் உருளைக்குள் தண்டுகளைப் பாதிவரை விட்டு இழுத்து, திருப்பிப் பிடித்து மறுபாதியை விட வேண்டும். விரலைக் கவனித்துக்கொள்ள வேண்டிய வேலை. நூறு கிலோ பச்சைத் தண்டு கொடுத்தால் தேறுவது மூன்று நான்கு கிலோ நார். மீதியெல்லாம் குப்பை. அந்தக் குப்பையை வயலுக்கே திருப்பித் தராவிட்டால் மண் வற்றிவிடும். ராமி பெருந்தீனிக்காரச் செடி.

வளர்ப்பதில் மட்டும் சிரமமே இல்லை. கிழங்குபோன்ற வேர்த்துண்டுகளை ஒருமுறை நட்டால் பல ஆண்டு பலன் தரும். மழை வேண்டும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. வெள்ளக்காடான அசாமில் மேட்டு நிலம் தேடுவது அதனால்தான். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு, ஆண்டுக்கு நான்கு ஐந்து. விதைச்செலவு திரும்ப வராது.

இடறுவது அதற்குப் பிறகுதான். நெல்லை அறுத்தவன் விலை ஏறும்வரை மூட்டை கட்டி வைக்கலாம். ராமியை வெட்டியவன் அன்றே உரிக்க வேண்டும். அதற்கு இயந்திரம் வயலுக்குப் பக்கத்தில் வேண்டும். பசை நீக்கும் ஆலை எட்டும் தூரத்தில் வேண்டும். ஆலை வைப்பவனோ, முதலில் ஏக்கர் கணக்கில் பயிரைக் காட்டு என்பான். சீனாவில் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. அதனால் உலக ராமிச் சந்தை அவர்கள் கையில். இங்கே இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்த்து நிற்க, அடுத்த மழைக்குச் செடி மறுபடி துளிர்க்கிறது.