பஞ்சாமிர்தத்துக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி

பழநி பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை, அடுப்பிலும் ஏற்றுவதில்லை. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைவதோடு வேலை முடிந்தது. அப்படியும் கெடாமல் இருக்கிறது என்றால் அந்தப் பெருமையில் பாதி பழத்தைச் சேரும். ஈரப்பதம் குறைந்த விருப்பாச்சி மலைவாழை அது. வேறு பழத்தைப் போட்டால் நீர்விட்டுப் புளித்துவிடும் என்றார் அடிவாரத்தில் பழம் உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. பேச்சுக்கு நடுவே அவர் விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

விருப்பாச்சி ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர். பெயர் அந்த ஊருடையது என்றாலும் வாழையைப் பார்க்க மலைக்குத்தான் போக வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாகத் தாண்டிக்குடி பஸ் ஏறினேன்.

கீழ்ப்பழநி மலையில் வாழைத்தோப்பு என்று தனியாக எதையும் காட்ட முடியாது. உயரே சில்வர் ஓக்கும் பலாவும் நிற்கின்றன. அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி, ஊடே ஆரஞ்சு, இத்தனைக்கும் நடுவில் தலைநீட்டுகிறது வாழை. எல்லாம் மழையை நம்பிய விவசாயம். ஒருமுறை நட்டால் கன்றுக்குமேல் கன்றாக வருஷக்கணக்கில் வரும். தாரை வெட்டிச் சும்மாடு வைத்துச் சரிவில் சுமந்து வந்தால்தான் வண்டி நிற்கும் இடம்.

நான் பார்க்கப் போனது அறுவடையை அல்ல. முடிக்கொத்து நோய் கண்ட வாழையைத் தோண்டி எடுக்கும் வேலையை.

தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒரு மட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "பாருங்க தம்பி, பச்சைக் கோடு விட்டு விட்டு ஓடுதா? இது போச்சு." எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தபோது புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சை இழைகள். முற்றிவிட்டால் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அப்போது யாருக்கும் தெரியும். அதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் அவருடைய தொழில்.

தோட்டக்கார அம்மாவுக்கு மனமில்லை. "பூத்தள்ளப் போற வாழையத் தோண்டச் சொல்றீங்களே!"

"ஒண்ண விட்டா தோட்டமே போயிரும் தாயி."

எடுத்தவுடன் மண்வெட்டியைப் போடுவதில்லை. வாழை அசுவினிதான் வைரஸைச் சுமக்கிறது; பூச்சி உயிரோடு இருக்கும்போது வாழையை ஆட்டிவிட்டால் அது பக்கத்து வாழைக்குப் போய்விடும். எனவே முதலில் மருந்து. பிறகு கிழங்கோடு பெயர்த்து, பக்கக்கன்று ஒன்றுகூட மிஞ்சாமல் வெட்டிச் சிதைக்கிறார். நோயுள்ள தோட்டத்துக் கன்றை உறவுக்காரருக்குக் கொடுக்கும் நல்ல மனசுதான் இந்த நோய்க்குப் பெரிய வாகனம்.

1970-களில் இம்மலையில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை இந்த நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சி வாழை ஆராய்ச்சி மையமும் வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுவந்த பிறகே மறுபடி நம்பிக்கை வந்தது. ஆனால் சுத்தமான கன்றுக்கும் நோய் வரும். பக்கத்துத் தோட்டம் பராமரிப்பில்லாமல் கிடந்தால் அடுத்த மழைக்கே வரும். இது போதாதென்று காட்டுமாடும் யானையும்.

புனிதமானது என்பதால் ஒரு செடி பிழைத்துவிடும் என்று எழுதுவது சுலபம். இங்கே நான் கண்டது வேறு. முருகனுக்கு இந்தப் பழம் வேண்டும் என்பதால் விலை இருக்கிறது. விலை இருப்பதால் கூலி கொடுத்து ஆள் வைத்து நோய்வாழையைத் தோண்டுகிறார்கள். பக்தி சந்தையாக மாறி, சந்தை மண்வெட்டியாக மாறினால்தான் வாழை நிற்கிறது.

மலைவாழைக்குப் புவிசார் குறியீடு முதலில் கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல், தமிழகக் கோயில் பிரசாதங்களில் முதலாவதாக. சான்றிதழ் சுவரில் தொங்கட்டும். மலை விவசாயிகளிடம் நியாயமான விலைக்கு நேரடிக் கொள்முதலும், ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் நோய்வாழையை அகற்றும் கூலிக்கு ஒரு நிதியும் வேண்டும். கோயிலும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும். அடுத்தமுறை அடிவாரத்துக் கடையில் டப்பா வாங்கும்போது, உள்ளே இருப்பது மலைப்பழம்தானா என்று நீங்களும் கேளுங்கள்.